டி.சி. கொடுப்பதா, கூப்பிட்டு உட்கார வைப்பதா: பள்ளி ஒழுங்கு விதிகள், ஓர் ஒப்பீடு

காரைக்குடிக்குப் பக்கத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்திவரும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில், வரும் ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்குவதற்குள் ஒழுங்கு விதிகளை எழுத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதாலும், என் பேத்தி இப்போது அதே பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள் என்பதாலும், குழுவில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டில் கழிப்பறைக்குப் பின்புறம் புகையிலைப் பாக்கெட்டுகள் கிடைத்தன. புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வரும் பையன்களுக்குள் பேருந்து நிறுத்தத்தில் அடிதடி நடந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவரைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பினார்கள். இவ்வளவுக்கும் பிறகு கூடிய பெற்றோர் கூட்டத்தில் அதிகமாகக் கைதட்டல் வாங்கிய சொல் 'ஜீரோ டாலரன்ஸ்'. அந்தக் கைதட்டலின் பின்னால் இருந்த கவலை உண்மையானது. ஆகவே அந்த விதியையும் அதற்கு மாற்றாக உள்ளவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து என் கருத்தை எழுதுகிறேன்.

குழுவின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று முன்கூட்டியே நிர்ணயித்து, சூழ்நிலை எதுவானாலும் மாற்றாமல் நிறைவேற்றும் கறார் விதி முதலாவது; கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய 'ஜீரோ டாலரன்ஸ்' இதுதான். எச்சரிக்கை, பெற்றோரை அழைத்தல், சில நாள் வீட்டுக்கு அனுப்புதல் என்று படிப்படியாக ஏறும் படிநிலை விதி இரண்டாவது. தவறு செய்த பிள்ளையையும் அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளையையும் பெரியவர்கள் முன்னிலையில் உட்கார வைத்து, நடந்ததைப் பேசி, கெட்டதைச் சரிசெய்ய வைக்கும் அமர்வு முறை மூன்றாவது. நான்காவது, இப்போது இருப்பதுபோலவே எல்லாவற்றையும் தலைமையாசிரியரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது. இந்த நான்காவது வழியை யாரும் வாய்விட்டு ஆதரிக்கவில்லை. ஆனாலும் எதையும் தீர்மானிக்காமல் கூட்டம் கலைந்துவிட்டால் நமக்கு வாய்ப்பது அதுதான்.

கறார் விதியின் பிறப்பிடம் அமெரிக்கா. 1980-களில் போதைப்பொருள் கடத்தலை ஒடுக்கும் நடவடிக்கைகளில் புழங்கிய 'ஜீரோ டாலரன்ஸ்' என்னும் சொல்லாட்சி பிறகு பள்ளிகளுக்குள் நுழைந்தது. 1994-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டு நீக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசின் நிதி பெறும் மாநிலங்கள் இயற்றியாக வேண்டும் என்றது. அதே சட்டம், ஒவ்வொரு மாணவரின் சூழ்நிலையையும் தனித்தனியாகப் பார்த்துத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தையும் கல்வி நிர்வாகத் தலைவருக்குக் கொடுத்திருந்தது. பின்னர் பல பள்ளிகள் துப்பாக்கிக்கு வந்த கறார்த் தன்மையைச் சிறு கத்தி, மாத்திரை, கீழ்ப்படியாமை என்று விரித்துக்கொண்டே போயின. விலக்கு அளிக்கும் பகுதியை அதே அளவுக்கு விரிக்கவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கென அமைத்த பணிக்குழு 2006-இல் அறிக்கை கொடுத்து, அதை 2008-இல் சங்கத்தின் இதழில் வெளியிட்டது. கறார் விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பானவையாக மாறின என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும், இடைநீக்கம் செய்யப்பட்ட பிள்ளைகள் பிற்பாடு மேலும் தவறு செய்வதும் படிப்பை விட்டுவிடுவதும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்றும் அது கூறியது. அந்த அறிக்கை எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளில் ஒன்று என் மனத்தை விட்டு நீங்கவில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் மதிய உணவுப் பெட்டியில், ஆப்பிள் நறுக்குவதற்காக அவள் தாய் சிறு கத்தி ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். அது விதிக்கு மாறானதாக இருக்கலாம் என்று உணர்ந்த சிறுமி தானாகவே அதை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் செய்தது சரிதான் என்று ஆசிரியையும் சொன்னார். அதன் பிறகும் பள்ளி அவளை நீக்கியது.

என் மனத்தை விட்டு நீங்காததற்குக் காரணம் நான் நேரில் கண்ட இன்னொரு கத்தி. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் வகுப்பில் ஒன்பதாவது படித்த பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் மாஸ்டர் ஒருவருடன் கல்யாண வேலைக்குப் போவான். நம் பக்கத்துக் கல்யாணங்களில் காய்கறி நறுக்க எத்தனை கை வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை விடியற்காலையில் கல்யாண வீட்டிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தவனின் பையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. அதை வைத்து அவன் யாரையும் மிரட்டவில்லை; சக மாணவன் ஒருவன் பார்த்துச் சொன்னதால்தான் வெளியே தெரிந்தது. பையில் ஆயுதம் இருந்தால் டி.சி. என்று அப்போது வாய்மொழியாக ஒரு விதி இருந்தது. அன்று பிற்பகலே டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவன் அப்பச்சி, அதாவது அப்பா, சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேறு பள்ளியில் சேர்ப்பதற்கு அலைய ஆளில்லாததால் அவன் படிப்பு அதோடு நின்றது. அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

அதே ஆண்டில், அதே பள்ளியில், பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனின் முன்பல்லை உடைத்தான். அவன் வீட்டார் கட்டட நிதிக்குப் பெரும் தொகை கொடுத்தவர்கள். வாய்மொழி எச்சரிக்கையோடு அந்த விவகாரம் முடிந்தது. கறார் விதியை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதங்களில் மிக வலுவானது இதுதான்: தலைமையாசிரியரின் விருப்பத்துக்கு விட்டால் முகம் பார்த்துத்தான் நடக்கும், அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவரின் மகனுக்கு ஒரு நீதியும், வசதியான வளவு வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு நீதியும் கிடைக்கும், அதைத் தடுக்க, எவரும் கை வைக்க முடியாத விதி ஒன்று வேண்டும். இந்த வாதத்தை லேசாக ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் நன்கொடையாளரும் நிர்வாகியும் உறவினராக இருக்கும் நம் ஊர்ப் பள்ளிகளில் இது நாள்தோறும் உறுத்தும் உண்மை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பு முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வு இந்த இடத்தில் நமக்கு உதவும். அந்த மாணவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் பள்ளிப் பருவத்தில் ஒரு முறையேனும் இடைநீக்கமோ நீக்கமோ செய்யப்பட்டிருந்தனர். ஆனால் சட்டம் கட்டாயம் என்று விதித்த குற்றங்களுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் 3 விழுக்காடு மட்டுமே. மற்றவை எல்லாம் பள்ளிகள் தாங்களாகத் தீர்மானித்தவை. கறுப்பின மாணவர்கள் கூடுதலாகச் சிக்கியதும் பள்ளிகளின் விருப்பத்துக்கு விடப்பட்ட அந்தப் பகுதியில்தான். இதிலிருந்து நான் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறேன். விருப்பத்துக்கு விட்ட இடத்தில் பாரபட்சம் புகுகிறது என்ற வகையில் கறார் விதிக்காரர்கள் சொல்வது சரி. அதே சமயம், 'கீழ்ப்படியாமை', 'ஒழுங்கீனம்' போன்ற தளர்ந்த சொற்களுக்குக் கடுமையான தண்டனையை இணைத்துவிட்டால், எது கீழ்ப்படியாமை என்று சொல்பவரின் கைக்கே மறுபடியும் அதிகாரம் போய்விடுகிறது. நம் குழுவின் முதல் வரைவில் 'ஆசிரியரிடம் மரியாதைக் குறைவு: உடனடி டி.சி.' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் மரியாதைக் குறைவு என்றால் என்ன என்பதற்கு விளக்கம் எதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் குழு தெரிந்துகொள்வது நல்லது. முதல் வரைவை எழுதியவர்கள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம், தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது பற்றியதே ஒழிய, நீக்குவதற்கான தடையைத் தளர்த்தவில்லை. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003-இல், கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்திப் பிரம்படியை நிறுத்தியிருந்தார்கள். எனவே ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நீக்கம் என்ற தண்டனையையே எழுத முடியாது. பெற்றோரைக் கூப்பிட்டு 'நீங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லும் பழக்கமும் அந்தச் சட்டத்தை ஏய்ப்பதுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நிலைமை வேறு. 2022 மே மாதம் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் சட்டமன்றத்தில், ஆசிரியரிடம் தவறாக நடக்கும் மாணவர்களை நீக்கி, அதன் காரணத்தை மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடுவோம் என்று பேசியது பலருக்கும் நினைவிருக்கும். ஆசிரியர்கள் அவமதிக்கப்படும் காட்சிகள் பரவிய நேரத்தில் வந்த பேச்சு அது. அதன் பின்னிருந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் பதினைந்து வயதில் சான்றிதழில் எழுதப்படும் ஒரு வரி, ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும் வேலைக்கும் அந்தப் பிள்ளையோடு கூடவே போகும் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

படிநிலை விதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுதுவது எளிது, செலவில்லை, ஆசிரியர்களுக்குக் குழப்பமில்லை. கைப்பேசி கொண்டுவருதல், தாமதமாக வருதல், தலைமுடி வெட்டு போன்ற அன்றாடச் சிறு விஷயங்களுக்கு அதுவே போதும். அதன் குறை மேல்படியில் இருக்கிறது. ஐந்து நாள் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றால், தந்தை வெளிநாட்டிலும் தாய் வேலையிலும் இருக்கும் வீட்டில் அந்தப் பையன் அந்த ஐந்து நாளும் எங்கே இருப்பான்? பேருந்து நிலையத்திலும் கண்மாய்க் கரையிலும் இருப்பான். எந்தக் கூட்டத்திலிருந்து அவனை விலக்க நினைத்தோமோ அந்தக் கூட்டத்தோடு இருப்பான். பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஐந்து நாள் கணக்குப் பாடம் போய்விடும். போன பாடத்தை எந்த விதியும் திருப்பித் தருவதில்லை.

அமர்வு முறைக்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. நியூசிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், மாவோரி மக்களின் வழக்கத்தை உள்வாங்கி, தவறிழைத்த சிறுவரின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் ஒன்றாகக் கூட்டிப் பேசும் குடும்ப அமர்வை முறைப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலப் பள்ளி ஒன்றில் 1994-இல் இத்தகைய அமர்வு நடத்திப் பார்க்கப்பட்டது. அதன் பிறகு பல நாடுகளின் பள்ளிகளுக்கும் பரவியது. நமக்கு இது அந்நியமும் அல்ல. பங்காளிச் சண்டையைப் பட்டாலையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்த பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 'சரி, விட்டுக்கொடுத்துப் போங்க' என்ற வார்த்தை எப்போதும் பலமில்லாதவரின் பக்கம் பார்த்தே சொல்லப்பட்டது. அடிபட்ட பிள்ளையை, அடித்த பிள்ளையின் முன்னால் உட்கார வைத்துச் 'சமாதானமாயிட்டோம்' என்று சொல்லச் செய்வதற்கு அமர்வு என்று பெயர் வைத்தால், அது இரண்டாவது அடி. சாதி குறுக்கே வரும் இடத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது.

அமர்வு முறையை ஆதரிப்பவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அந்த முறையைச் சோதித்த ஆய்வையும் மறைக்காமல் பேச வேண்டும். அந்நகரின் 44 பள்ளிகளைக் கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்து, 2015 முதல் 2017 வரை இரண்டு கல்வியாண்டுகள் நடத்திய சோதனையின் முடிவை ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. இடைநீக்க நாள்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கருதினார்கள். அதே சமயம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் மதிப்பெண்கள் குறைந்தன; சூழல் மேம்பட்டதாக மாணவர்கள் உணரவில்லை. இதனால் அந்த முறையே வீண் என்று நான் முடிவு கட்டவில்லை. நேரமும் பயிற்சியும் ஒதுக்காமல் ஆசிரியரின் தலையில் இன்னொரு வேலையாக ஏற்றினால் பாடம் அடிபடும் என்பதை அது எச்சரிப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நம் பள்ளியில் முழுநேர ஆலோசகர் இல்லை. ஒரு நல்ல அமர்வுக்கு முன்பேச்சு, அமர்வு, பின்தொடர்தல் எல்லாம் சேர்த்து ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். ஆகவே எல்லாத் தவறுக்கும் அமர்வு என்பது நடக்கிற காரியமல்ல.

சில விஷயங்கள் இந்த நான்கு வழிகளுக்கும் அப்பாற்பட்டவை. பாலியல் சீண்டல் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் உள்ளே பேசி முடிப்பது பள்ளித் தலைமை செய்யும் குற்றம். சாதியைச் சொல்லித் தாக்குவதும் அப்படியே சட்டத்தின் கைக்குப் போக வேண்டியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் மாதம் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நம் பள்ளியிலும் மணிக்கட்டில் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பெஞ்சு பிரியும் வகுப்புகள் உண்டு. கயிற்றுக்கு விலக்கே இருக்கக் கூடாது என்பதில் நான் கறார் விதிக்காரர்களோடு நிற்கிறேன். கயிறு கட்டியவனுக்கு டி.சி. என்பதில் அவர்களோடு நிற்கவில்லை. அவன் அதே கயிற்றோடு இன்னொரு பள்ளிக்குப் போவான், அல்லது எந்தப் பள்ளிக்கும் போகமாட்டான்.

என் ஐயா இளவயதில் பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு அடுத்தாளாக இருந்தவர். ஐந்தொகை, அதாவது கடையின் வரவு செலவு இருப்புக் கணக்கு, ஒட்டவில்லை என்றால் ஒட்டும்வரை யாரும் படுக்கப் போகக் கூடாது என்பது அவர் கடையில் விதி என்று சொல்வார். ஓரணா வித்தியாசம் என்றாலும் விதிவிலக்கில்லை. முதலாளியின் மருமகன் எழுதிய பேரேடு என்றாலும் விதிவிலக்கில்லை. ஆனால் கணக்கில் பிழை விட்ட பையனை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியதில்லை. விளக்கை ஏற்றிவைத்து அவனையே பிழையைத் தேட வைத்தார்கள். நான் குழுவிடம் கேட்பதும் இந்த அளவிலான கறார்தான். எந்தத் தவறையும் கண்டும் காணாமல் விடக் கூடாது, யாருக்காகவும் விடக் கூடாது என்பதில் விதி இறுகியிருக்கட்டும். என்ன செய்து அதைச் சரிசெய்வது என்பதைப் பிள்ளையையும் சூழ்நிலையையும் பார்த்துத் தீர்மானிக்க இடம் இருக்கட்டும்.

இதைச் செயலில் கொண்டுவர, சிறு தவறுகளுக்குப் படிநிலையையும், அடிதடி, தொடர்ந்த கேலி, புகையிலை, ஆசிரியரைப் படம்பிடித்தல் போன்றவற்றுக்கு அமர்வையும் வைத்துக்கொள்ளலாம். அமர்வுக்கு இரண்டு கட்டாய நிபந்தனைகள் வேண்டும்: பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே நேருக்கு நேர் உட்கார வைப்பது, அவர் விரும்பாவிட்டால், சரிசெய்யும் கடமையை அவர் இல்லாமலே தவறு செய்தவர்மீது வைப்பது. முகம் பார்ப்பதைத் தடுக்க, புகார் வந்த நாளிலேயே பதிவேட்டில் எழுத வேண்டும்; மூன்று பள்ளி நாள்களுக்குள் விசாரணை முடிய வேண்டும்; என்ன முடிவு, ஏன் அந்த முடிவு என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும்; நிர்வாகிக்கோ நன்கொடையாளருக்கோ உறவான பிள்ளை என்றால் விசாரிப்பவர்களில் ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பெயர்களை மறைத்து, பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் பிரதிநிதிகள் முன் வைக்க வேண்டும். பல்லை உடைத்த பையனின் விவகாரத்தையும் கத்திப் பையனின் விவகாரத்தையும் அடுத்தடுத்த வரிகளில் எழுத வேண்டி வந்திருந்தால், அன்றைக்கு எங்களில் ஒருவராவது பேனாவை நிறுத்தியிருப்போம். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில், பள்ளிக்குள்ளேயே நூலகத்தில் ஓர் ஆசிரியர் பார்வையில் பாடம் படிக்க வைக்கலாம். அமர்வு நடத்தும் பயிற்சிக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையை அணுகிப் பார்க்கலாம். நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. புகையிலையைப் பொறுத்தவரை, வாங்கியவனைப் பிடிப்பதோடு நிறுத்தாமல், பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் விற்கும் கடையைப் பற்றியும் புகார் கொடுக்க வேண்டும். விற்பவர் மீது நடவடிக்கை எடுக்க 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமே போதும்.

வரைவுகள் எதிலும் இல்லாத ஒன்றையும் சேர்க்கக் கோருகிறேன். தண்டனை பெற்ற பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அன்று காலை வாசலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போக ஓர் ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும். விட்டுப்போன பாடத்தின் குறிப்புகள் அவன் மேசையில் இருக்க வேண்டும். அவனால் அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு, இவன் இன்று திரும்பி வருகிறான், உங்கள் பிள்ளை எங்கே உட்கார விரும்புகிறது என்று முந்தின நாளே கேட்டிருக்க வேண்டும். கணக்கு வகுப்புக்கு ஆள் இல்லையென்றால், அந்தக் குறிப்புகளை எழுதித் தர நான் இருக்கிறேன்.